சொந்தக் காரின் உண்மைச் செலவு: விலை, கடன், வரி, பராமரிப்பு

சொந்தமாக ஒரு கார் வாங்கி ஓட்டுவதற்கு ஆகும் மொத்தச் செலவு என்பது, காரின் விலை, அதன் மீதான வரிகள், கடன் வட்டி, காப்பீடு, எரிபொருள், பராமரிப்பு, விற்கும்போது தெரியவரும் மதிப்பிழப்பு ஆகிய எல்லாம் சேர்ந்த தொகையாகும். இவற்றுள் பெட்ரோல் செலவு வாரந்தோறும் கையைவிட்டுப் போவதால் கண்ணுக்குத் தெரிகிறது. மாதத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவதால் அதுவும் நினைவில் நிற்கிறது. மதிப்பிழப்பும் காப்பீடும் அப்படி இல்லை. ஒன்று விற்கும் நாள்வரை தெரிவதில்லை. மற்றொன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறது. ஆகவே பல குடும்பங்கள் “தவணை கட்ட முடியுமா, பெட்ரோல் போட முடியுமா” என்ற இரண்டு கேள்விகளோடு கணக்கை முடித்துவிடுகின்றன. இந்த இரண்டும் மொத்தச் செலவைக் காட்டுவதில்லை என்பதை இக்கட்டுரை எண்களைக் கொண்டு விளக்குகிறது.

இங்கே தமிழ்நாட்டில் பதிவு செய்யப்படும் தனியார் பயன்பாட்டுக் கார் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது. கணக்குகளுக்காக, 8,00,000 ரூபாய் ஷோரூம் விலையுள்ள, 4 மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி.க்கு மேற்படாத பெட்ரோல் கார் ஒன்று எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. காப்பீட்டுக் கட்டணம், சர்வீஸ் செலவு, மறுவிற்பனை விலை, வட்டி விகிதம் ஆகியவை கணக்குப் போடுவதற்காக வைத்துக்கொண்ட எண்களே. வாசகர் தம் ஊர் நிலவரத்துக்கேற்ப அவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

நிலைச் செலவும் மாறும் செலவும்

கார்ச் செலவுகளை இரு வகையாகப் பிரிக்கலாம்.

நிலைச் செலவு: காரை ஓட்டினாலும் ஓட்டாமல் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்தாலும் ஆகும் செலவு. ஆயுட்கால வரி, காப்பீடு, கடன் வட்டி, மதிப்பிழப்பின் பெரும்பகுதி ஆகியவை இதில் அடங்கும்.

மாறும் செலவு: ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கூடும் செலவு. எரிபொருள், டயர் தேய்மானம், சுங்கக் கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணம், பழுதுபார்ப்பின் ஒரு பகுதி ஆகியவை இதில் வரும்.

இந்தப் பிரிவினை ஏன் தேவை? குறைவாக ஓட்டினால் செலவும் அதே அளவு குறையும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் குறைவது மாறும் செலவு மட்டுமே. நிலைச் செலவு அப்படியே நிற்பதால், குறைவாக ஓடும் காரில் ஒவ்வொரு கிலோமீட்டரும் அதிக விலை உடையதாகிறது.

ஷோரூம் விலையும் ஆன்-ரோடு விலையும்

விளம்பரங்களில் வரும் விலை பெரும்பாலும் ஷோரூம் விலை. அதில் ஜி.எஸ்.டி. எனப்படும் சரக்கு மற்றும் சேவை வரி அடங்கியிருக்கும். அதனோடு ஆயுட்கால வரி, காப்பீடு, பதிவுக் கட்டணம், எண் பலகை, பாஸ்டேக் போன்றவை சேர்ந்தால் கிடைப்பது ஆன்-ரோடு விலை. வாங்குபவர் கையிலிருந்து உண்மையில் போவது இதுதான்.

சரக்கு மற்றும் சேவை வரி: இவ்வரி 2017 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்தில் கார்களுக்கு 28 விழுக்காடு வரியும், அதன்மேல் வகைக்கேற்ற இழப்பீட்டு மேல்வரியும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் 22 முதல் இது மாற்றப்பட்டது. 4 மீட்டருக்கு மேற்படாத நீளமும், பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்கு மேற்படாத, டீசல் என்றால் 1,500 சி.சி.க்கு மேற்படாத எஞ்சினும் உள்ள சிறிய கார்களுக்கு 18 விழுக்காடு. அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40 விழுக்காடு. இழப்பீட்டு மேல்வரி கார்களுக்கு நீக்கப்பட்டது. மின்கார்களுக்கு 2019 ஆகஸ்ட் முதல் 5 விழுக்காடு மட்டுமே.

நீளமும் எஞ்சின் அளவும் ஆகிய இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும். 4 மீட்டரைச் சில சென்டிமீட்டர் தாண்டினாலும் கார் மேல்வரிசை வரிக்குப் போய்விடும். இந்தியாவில் பின்பக்கம் வெட்டினாற்போல முடியும் குட்டை செடான் கார்கள் பல உருவானதற்கு, முன்பு கலால் வரியிலும் இருந்த இந்த 4 மீட்டர் எல்லையே முக்கியக் காரணம்.

ஆயுட்கால வரி: சாலை வரி விதிப்பது மாநில அரசின் அதிகாரம். தமிழ்நாட்டில் தனியார் கார்களுக்கு இவ்வரி பதிவின்போதே ஒரே தவணையாக வசூலிக்கப்படுகிறது. 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதங்கள் வருமாறு:

5 லட்சம் ரூபாய் வரை – 12 விழுக்காடு
5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை – 13 விழுக்காடு
10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை – 18 விழுக்காடு
20 லட்சத்துக்கு மேல் – 20 விழுக்காடு

அதற்கு முன் 10 லட்சம் வரை 10 விழுக்காடும் அதற்கு மேல் 15 விழுக்காடும் இருந்தன. வருமான வரியைப் போலப் படிப்படியாக இல்லாமல், இங்கே முழு விலைக்கும் ஒரே விகிதம் பொருந்துகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 9,90,000 ரூபாய்க் காருக்கு ஆயுட்கால வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800 ரூபாய். விலையில் 20,000 ரூபாய் வேறுபாடு, வரியில் 53,100 ரூபாய் வேறுபாட்டைக் கொண்டுவருகிறது. ஒரு மாடலின் கீழ்வகைக்கும் மேல்வகைக்கும் இடையில் தேர்வு செய்பவர்கள் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மூலத்தில் வசூலிக்கும் வரி: காரின் விலை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், வருமான வரிச் சட்டப்படி விற்பனையாளர் 1 விழுக்காடு கூடுதலாக வசூலித்து வாங்குபவரின் பான் எண்ணில் அரசுக்குச் செலுத்துவார். இது திரும்பாத செலவன்று. வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது இதைக் கழித்துக்கொள்ளலாம். செலுத்த வேண்டிய வரி இல்லாவிட்டால் திரும்பப் பெறலாம். கணக்குத் தாக்கல் செய்யாமல் விட்டுவிடுபவர்களுக்கு இப்பணம் கைக்கு வருவதில்லை.

இனி எடுத்துக்காட்டுக் காருக்கு வருவோம்.

ஷோரூம் விலை – ரூ. 8,00,000
ஆயுட்கால வரி 13 விழுக்காடு – ரூ. 1,04,000
முதற்காப்பீடு – ரூ. 35,000
பதிவு, எண் பலகை முதலியன – ரூ. 6,000
ஆன்-ரோடு விலை – ரூ. 9,45,000

ஷோரூம் விலைக்குள் இருக்கும் 18 விழுக்காட்டு வரியைப் பிரித்தெடுத்தால், வரியில்லா விலை ஏறத்தாழ 6,78,000 ரூபாய். வரி 1,22,000 ரூபாய். இதனோடு ஆயுட்கால வரியையும் கூட்டினால் வரி மட்டும் 2,26,000 ரூபாய். அதாவது 100 ரூபாய் பெறுமான காருக்கு வரியாக 33 ரூபாய் சேர்கிறது. ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையின் மேல் ஆயுட்கால வரி கணக்கிடப்படுவதால், ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறுகிறது.

கார் கடன்

வங்கிகள் காரையே ஈடாக வைத்துக்கொண்டு கடன் தருகின்றன. பதிவுச் சான்றிதழில் கடன் தந்த நிறுவனத்தின் பெயரும் குறிக்கப்படும். கடன் முடியும்வரை வங்கியின் ஒப்புதல் இன்றி அந்தக் காரை விற்க முடியாது.

மாதத் தவணை கணக்கிடும் முறை: கடன் தொகை, மாத வட்டி விகிதம், மாதங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தவணையைத் தீர்மானிக்கின்றன. குறையும் நிலுவை முறையில், அந்தந்த மாதம் மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி. 6,00,000 ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வாங்கினால் தவணை 12,455 ரூபாய். முதல் மாதத்தில் இதில் 4,500 ரூபாய் வட்டிக்கும், 7,955 ரூபாய் அசலுக்கும் போகும். மாதம் செல்லச் செல்ல வட்டிப் பங்கு குறைந்து அசல் பங்கு கூடும்.

காலம் நீண்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே காணலாம். மூன்றிலும் கடன் 6,00,000 ரூபாய், வட்டி 9 விழுக்காடு.

3 ஆண்டு – தவணை ரூ. 19,080, மொத்த வட்டி ரூ. 86,900
5 ஆண்டு – தவணை ரூ. 12,455, மொத்த வட்டி ரூ. 1,47,300
7 ஆண்டு – தவணை ரூ. 9,653, மொத்த வட்டி ரூ. 2,10,900

“பத்தாயிரத்துக்குள் தவணை” என்று சொல்லும்போது கடன் மலிவாகிவிடுவதில்லை, காலம்தான் நீள்கிறது. 5 ஆண்டுக்குப் பதில் 7 ஆண்டு எடுத்தால் மாதம் 2,800 ரூபாய் குறைகிறது. முடிவில் 63,600 ரூபாய் வட்டி கூடுகிறது.

சமவட்டி முறை: சில நிறுவனங்கள், குறிப்பாகப் பழைய கார்களுக்குக் கடன் தருபவை, தொடக்க அசல் முழுமைக்கும் கடைசிவரை வட்டி போடும் முறையைப் பின்பற்றுகின்றன. இதே 6,00,000 ரூபாய்க்கு 9 விழுக்காடு சமவட்டி என்றால், ஆண்டுக்கு 54,000 ரூபாய் வீதம் 5 ஆண்டுக்கு 2,70,000 ரூபாய் வட்டி. தவணை 14,500 ரூபாய். குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் இது ஏறத்தாழ 15.7 விழுக்காட்டு வட்டிக்குச் சமம். இரண்டுக்கும் பெயர் “9 விழுக்காடு”தான். எனவே வட்டி எவ்வளவு என்று கேட்பதோடு, எந்த முறையில் என்றும் கேட்க வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல், புதிய சில்லறைக் கடன்களுக்கு வட்டியும் பிற கட்டணங்களும் சேர்ந்த ஆண்டு விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இரு நிறுவனங்களின் கடன்களை ஒப்பிட இந்த அறிக்கையே சரியான ஆவணம்.

முழுத் தொகைக்கும் கடன் வாங்குவதன் ஆபத்து: கையிலிருந்து சிறுதொகை மட்டும் போட்டு 9,00,000 ரூபாயைக் கடனாக 7 ஆண்டுக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தவணை 14,480 ரூபாய். 3 ஆண்டு தவறாமல் கட்டிய பிறகும் அசல் பாக்கி ஏறத்தாழ 5,82,000 ரூபாய் இருக்கும். 4-ஆம் ஆண்டில் அந்தக் கார் பெரும் விபத்தில் முழுவதும் சேதமானால், காப்பீட்டில் கணக்கிடப்படும் மதிப்பு 8,00,000 ரூபாயில் 40 விழுக்காடு தேய்மானம் போக 4,80,000 ரூபாய்தான். அத்தொகை வங்கிக்கே போகும். கார் இல்லாமல் 1,02,000 ரூபாய்க் கடன் மட்டும் குடும்பத்தின் தலையில் மிஞ்சும். முன்பணம் கூடுதலாகப் போடுவதும் காலத்தைக் குறைப்பதும் இந்த நிலையைத் தவிர்க்கும். இதே காருக்கு 6,00,000 ரூபாயை 5 ஆண்டுக்கு வாங்கியிருந்தால், 3 ஆண்டு முடிவில் பாக்கி 2,73,000 ரூபாய். காப்பீட்டுத் தொகை கடனைத் தீர்த்து மீதியும் தரும்.

கடன் முடிந்த பின்: கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. வங்கியிடமிருந்து தடையின்மைச் சான்றும் படிவம் 35-உம் பெற்று, பதிவுச் சான்றிதழிலிருந்து வங்கியின் பெயரை நீக்க வேண்டும். காப்பீட்டுப் பத்திரத்திலும் அப்பெயரை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டவர்கள் பல ஆண்டு கழித்துக் காரை விற்கப் போகும்போது அலைய நேரிடுகிறது.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-இன்படி இது கட்டாயம். நம் காரால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு இது ஈடு தரும். உயிரிழப்புக்கும் காயத்துக்கும் தீர்ப்பாயம் விதிக்கும் தொகைக்கு உச்சவரம்பு இல்லை. பொருட்சேதத்துக்குத் தனியார் கார்களில் 7,50,000 ரூபாய் வரை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி ஓராண்டுக்கு 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இவற்றுக்கு மேல் வரி உண்டு. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய கார்களுக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒருசேர எடுக்க வேண்டும்.

கார்ச் செலவுகளிலேயே சிறியதும், விட்டுவிட்டால் பெரிய இழப்பைத் தருவதும் இதுவே. குடும்பத்தைக் காக்கும் ஒருவர் விபத்தில் இறந்தால், அவருடைய வயது, வருமானம் ஆகியவற்றைக் கொண்டு இழப்பீடு கணக்கிடப்படும். அது பல லட்சங்களுக்குப் போகலாம். காப்பீடு இல்லாத காரின் உரிமையாளர் அத்தொகையைத் தம் சொத்திலிருந்து கட்ட வேண்டிவரும். நான்காயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் வீட்டையே இழக்கும் நிலை இதனால் வரலாம்.

சொந்தச் சேதக் காப்பீடு: நம் காருக்கு ஏற்படும் சேதம், திருட்டு, வெள்ளம், தீ ஆகியவற்றுக்கானது. இது சட்டப்படி கட்டாயமன்று. ஆனால் கடன் உள்ளவரை வங்கி இதை வற்புறுத்தும். காப்பீட்டு மதிப்பு என்பது அந்த மாடலின் விலையில் வயதுக்கேற்ற தேய்மானம் போக மிஞ்சுவது: 6 மாதம் வரை 5 விழுக்காடு, ஓராண்டு வரை 15, இரண்டு ஆண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 விழுக்காடு கழிக்கப்படும். கட்டணத்தைக் குறைப்பதற்காக இம்மதிப்பைக் குறைத்துப் போட்டால், கார் திருடு போகும் நாளில் கிடைக்கும் தொகையும் குறையும்.

இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி: ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராவிட்டால் அடுத்த ஆண்டுச் சொந்தச் சேதக் கட்டணத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி. தொடர்ந்து கோராமல் இருந்தால் இது 25, 35, 45, 50 விழுக்காடு என உயரும். சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கேட்பவர் இதை இழக்கிறார். 2,500 ரூபாய்ப் பழுதுக்குக் கோரிக்கை வைத்து, அடுத்த ஆண்டு 4,000 ரூபாய்த் தள்ளுபடியை இழப்பது நட்டமே. இத்தள்ளுபடி காருக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது; பழைய காரை விற்றுப் புதிது வாங்கும்போது அதற்கு மாற்றிக்கொள்ளலாம். காப்பீடு காலாவதியாகி 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் போய்விடும்.

வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு ஓட்டுவதும், உரிமம் இல்லாதவரிடம் ஓட்டக் கொடுப்பதும் காப்பீட்டு நிபந்தனைகளை மீறுவதாகும். அத்தகைய விபத்துகளில் நிறுவனம் கொடுக்கும் இழப்பீட்டை உரிமையாளரிடமிருந்தே வசூலிக்க வழி உண்டு.

எரிபொருளும் அதன் மீதான வரியும்

பெட்ரோலும் டீசலும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் மீது ஒன்றிய அரசு லிட்டருக்கு இவ்வளவு என்று கலால் வரியும், மாநில அரசு மதிப்புக் கூட்டு வரியும் விதிக்கின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் செய்த குறைப்புக்குப் பின் பெட்ரோலுக்கு 13 விழுக்காடும் லிட்டருக்கு 11.52 ரூபாயும் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. டீசலுக்கு 11 விழுக்காடும் 9.62 ரூபாயும். ரூபாய்க் கணக்கில் நிற்கும் பகுதி கச்சா எண்ணெய் விலை குறைந்தாலும் குறையாது. உலகச் சந்தையில் விலை பாதியானாலும் பங்கில் பாதியாகாததற்கு இது ஒரு காரணம். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நாள்தோறும் விலை மாற்றும் முறை நடைமுறையில் உள்ளது.

கார் நிறுவனம் அறிவிக்கும் மைலேஜ் சோதனைச் சூழலில் எடுக்கப்பட்டது. நகர நெரிசலிலும் ஏ.சி. ஓடும்போதும் அதைவிடக் குறையும். டாங்கை முழுவதும் நிரப்பி, அடுத்த முறை நிரப்பும்வரை ஓடிய கிலோமீட்டரை நிரப்பிய லிட்டரால் வகுப்பதே நம்பத்தக்க முறை. லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 6.67 ரூபாய், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு 66,700 ரூபாய்.

டீசல் காரின் விலை கூடுதல், எரிபொருள் மிச்சம். இரண்டுக்கும் விலை வேறுபாடு 1,20,000 ரூபாய், கிலோமீட்டருக்கு மிச்சம் 2 ரூபாய் என்றால், 60,000 கிலோமீட்டர் ஓடிய பிறகே கூடுதலாகக் கொடுத்த பணம் திரும்பும். ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அதற்குப் பத்தாண்டு ஆகும்.

மின்கார்: ஒரு யூனிட்டுக்கு 6.5 கிலோமீட்டர் ஓடும் கார் ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,540 யூனிட் எடுக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 12,300 ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனால் வீட்டு இணைப்பிலேயே சார்ஜ் செய்தால் இருமாத நுகர்வில் 250 யூனிட்டுக்கு மேல் கூடும். தமிழ்நாட்டில் இருமாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் உயர்கிறது. எனவே கூடுதல் யூனிட்டுகளின் விலையை மட்டும் பார்க்காமல் முழு மின்கட்டணத்தையும் முன்பின் ஒப்பிட வேண்டும். மின்காரின் விலை கூடுதல் என்பதால், நாள்தோறும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்கே ஆதாயம் விரைவாகக் கிடைக்கும்.

பராமரிப்பும் பிற செலவுகளும்

பெட்ரோல் கார்களுக்குப் பொதுவாக 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ் செய்ய வேண்டும். ஓடவே இல்லை என்றாலும் எஞ்சின் ஆயிலின் தரம் காலத்தால் குறையும். டயர் 40,000 கிலோமீட்டர் வரை உழைக்கலாம். நான்கு டயர்களுக்கு 24,000 ரூபாய் என்றால் 10,000 கிலோமீட்டருக்கு 6,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். பாட்டரி சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். வேலை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்கி வைத்தால் டயர் மாற்றும் மாதம் குடும்ப வரவுசெலவு தடுமாறாது.

தேசிய நெடுஞ்சாலைகளில் அடிக்கடி செல்பவர்களுக்காக, வணிகப் பயன்பாடு அல்லாத கார்களுக்கு 3,000 ரூபாயில் ஓராண்டு அல்லது 200 பயணங்கள் வரை செல்லும் பாஸ்டேக் ஆண்டு அட்டை 2025 ஆகஸ்ட் 15 அன்று அறிமுகமானது. ஒரு சுங்கச்சாவடியைக் கடப்பது ஒரு பயணமாகக் கணக்கிடப்படும். மாநில நெடுஞ்சாலைச் சாவடிகளில் இது செல்லாது.

மதிப்பிழப்பு

எட்டு ஆண்டு கழித்து எடுத்துக்காட்டுக் காரை 2,70,000 ரூபாய்க்கு விற்பதாகக் கொள்வோம். காப்பீடு நீங்கலாக வாங்கியபோது ஆன செலவு 9,10,000 ரூபாய். இழப்பு 6,40,000 ரூபாய். ஆண்டுக்கு 80,000 ரூபாய். யாரும் கைநீட்டிக் கேட்காத இச்செலவு, எடுத்துக்காட்டுக் காரின் பெட்ரோல் செலவைவிடப் பெரியது. ஆயுட்கால வரியாகக் கொடுத்த பணமும் இதற்குள்ளேயே கரைந்துவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் மதிப்பு வேகமாகச் சரியும், பிறகு மெதுவாகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கார் மாற்றுபவர் அந்தச் செங்குத்தான சரிவை மட்டுமே மீண்டும் மீண்டும் சந்திக்கிறார். நன்றாகப் பராமரித்துப் பத்தாண்டு வைத்திருப்பவருக்கு ஆண்டுச் சராசரி குறையும்.

ஆண்டுக் கணக்கு

6,00,000 ரூபாய் கடன் 5 ஆண்டுக்கு, 8 ஆண்டுப் பயன்பாடு, ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் என்ற அடிப்படையில் ஓராண்டுச் சராசரி:

மதிப்பிழப்பு – ரூ. 80,000
கடன் வட்டி – ரூ. 18,400
காப்பீடு – ரூ. 20,000
பெட்ரோல் – ரூ. 66,700
சர்வீஸ், பழுது – ரூ. 12,000
டயர், பாட்டரி – ரூ. 7,500
சுங்கம், நிறுத்தம், புகைச் சான்று – ரூ. 8,000
மொத்தம் – ரூ. 2,12,600

மாதத்துக்கு 17,700 ரூபாய். கிலோமீட்டருக்கு 21 ரூபாய்க்குச் சற்று மேல். இதில் பெட்ரோலின் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. மீதி இரண்டு பங்கு பங்கில் தெரிவதே இல்லை.

முதல் மூன்று வரிகளை நிலைச் செலவாகவும் மற்றவற்றைத் தூரத்துக்கேற்ப மாறுவதாகவும் எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர் மட்டும் ஓடும்போது மொத்தம் 1,65,500 ரூபாய். கிலோமீட்டருக்கு 33 ரூபாய். 20,000 கிலோமீட்டர் ஓடினால் மொத்தம் 3,06,800 ரூபாய். கிலோமீட்டருக்கு 15 ரூபாய். மாதம் இரண்டு முறை ஊருக்குப் போவதற்காக மட்டும் கார் வாங்க நினைப்பவர், தம் பகுதியில் வாடகைக் கார் கிலோமீட்டருக்கு என்ன கேட்கிறது என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதியவர்களை மருத்துவமனைக்கு நடு இரவில் அழைத்துச் செல்லும் வசதிக்கு விலை மதிப்பிட முடியாதுதான். அந்த வசதிக்கு ஆண்டுக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்துகொண்டு கொடுப்பதே கணக்கின் பயன்.

வருமான வரியில் கார்

மாதச் சம்பளக்காரர் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் காரின் விலைக்கோ கடன் வட்டிக்கோ வருமான வரிச் சலுகை இல்லை. வீட்டுக் கடனைப் போல இதையும் எண்ணிவிடக் கூடாது. மின்வாகனக் கடனுக்கு மட்டும், 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை ஒப்புதல் பெற்ற கடன்களுக்கு, ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் வரை வட்டிக் கழிவு பழைய வரிமுறையில் அளிக்கப்பட்டது. அதற்குப் பின் வாங்கிய கடன்களுக்கு அது பொருந்தாது.

தொழிலோ வணிகமோ செய்பவர், தொழிலுக்குப் பயன்படும் அளவுக்கு எரிபொருள், காப்பீடு, கடன் வட்டி ஆகியவற்றைச் செலவாகக் காட்டலாம். காரின் மதிப்பில் ஆண்டுக்கு 15 விழுக்காடு, குறையும் மதிப்பின் மேல், தேய்மானமாகக் கழிக்கலாம். சொந்தப் பயன்பாட்டுப் பங்கை நீக்கிவிட வேண்டும்.

பழைய கார்: வாங்குவதும் விற்பதும்

தனிநபர் தம் காரை மற்றொரு தனிநபருக்கு விற்றால் ஜி.எஸ்.டி. இல்லை. பதிவு பெற்ற வணிகர் விற்றால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான ஆதாயத்துக்கு மட்டும் 18 விழுக்காடு. ஆயுட்கால வரி முன்பே கட்டப்பட்டிருப்பதால், அதே மாநிலத்துக்குள் கைமாறும்போது அதை மீண்டும் கட்ட வேண்டியதில்லை. வேறு மாநிலப் பதிவுக் காரைக் கொண்டுவந்தால், அங்கிருந்து தடையின்மைச் சான்று பெற்று, காரின் வயதுக்கேற்ற வரியைத் தமிழ்நாட்டில் செலுத்த வேண்டும். வெளிமாநிலக் கார் மலிவு என்று வாங்குபவர்கள் இதையும் சேர்த்தே விலை பேச வேண்டும்.

விற்பவருக்கு முக்கியமானது பெயர் மாற்றம். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கின்றனர். பதிவேட்டில் பெயர் மாறும்வரை சட்டத்தின் பார்வையில் உரிமையாளர் பழையவரே. கார் பலர் கைமாறியிருந்தும், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. எனவே பெயர் மாறிய பதிவுச் சான்றிதழின் நகலைப் பெற்று வைத்துக்கொள்வது விற்பவரின் பாதுகாப்பு. வாங்குபவர் காப்பீட்டையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் வட்டார போக்குவரத்து அலுவலகத்தில் தகுதிச் சோதனை செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். தமிழ்நாட்டில் அப்போது பசுமை வரியும் செலுத்த வேண்டும். 12 அல்லது 13 ஆண்டு ஆன காரை வாங்குபவர் இச்செலவு அண்மையில் வரப்போகிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய கணக்கு

1. ஷோரூம் விலையை விட்டு ஆன்-ரோடு விலையை எழுத்தில் பெற வேண்டும். காப்பீட்டை விற்பனையாளரிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டு ஒப்பிடலாம்.
2. ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதை ஆசைக்கு எழுதாமல், கடந்த ஆண்டு சென்ற பயணங்களைக் கொண்டு எழுத வேண்டும்.
3. தவணையோடு காப்பீட்டின் பன்னிரண்டில் ஒரு பங்கு, மாதப் பெட்ரோல், பராமரிப்பு ஒதுக்கீடு ஆகியவற்றையும் கூட்டி, அத்தொகையை மூன்று மாதம் தனிக் கணக்கில் சேமித்துப் பார்க்கலாம். குடும்பம் சிரமமின்றி நடந்தால் அந்தக் கார் வரவுக்குள் அடங்கும்.
4. கடனின் மொத்த வட்டி, முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா, வட்டி எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பவற்றை முக்கிய விவர அறிக்கையில் சரிபார்க்க வேண்டும்.
5. வரி விகிதங்களும் காப்பீட்டுக் கட்டணங்களும் அவ்வப்போது மாறுபவை. வாங்கும் நாளில் நடப்பிலுள்ள விகிதத்தைப் போக்குவரத்துத் துறையின் இணையதளத்திலோ வட்டார போக்குவரத்து அலுவலகத்திலோ உறுதிசெய்துகொள்ள வேண்டும்.